பின் அச்சைப் பிடித்த நான்கு கரங்கள்

ஒரு கெட்டித்தாளைச் சுருட்டிக் குழல் செய்யுங்கள். விளிம்புகளை ஒட்டாமல் விட்டு, இரு முனைகளையும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். குழல் எளிதில் முறுகிவிடும். இனி விளிம்புகளைப் பசையிட்டு ஒட்டி, காய்ந்த பின் மீண்டும் திருகிப் பாருங்கள். அதே தாள்தான், ஆனால் இப்போது முறுக மறுக்கிறது. இச்சிறு சோதனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கார்களின் வரலாற்றில் ஓர் அத்தியாயத்தைப் புரிந்துகொள்ள இது உதவும்.

பின் சக்கரங்களால் இயங்கும் காரில், எஞ்சின் அச்சக்கரங்களை ஒரு திசையில் சுழற்றும்போது, அவற்றைத் தாங்கும் அச்சுக்கூடு எதிர்த்திசையில் சுழல முயல்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை இங்குக் கண்கூடாகக் காணலாம். ஆகவே அச்சு சுழலாமலும், முன்பின் நகராமலும், பக்கவாட்டில் விலகாமலும் பிடித்துக்கொள்ள வேண்டும். மேடுபள்ளத்துக்கு ஏற்ப மேலும் கீழும் ஆடவும், வளைவில் கார் சாயும்போது சாய்வுக்கு இடம் தரவும் மட்டும் அதனை விட வேண்டும்.

இந்த வேலைகள் அனைத்தையும் பல காலம் பட்டை வில்களே செய்து வந்தன. நம் அம்பாசடர் காரின் பின்புறத்தில் இருந்தவை இவைதாம்; லாரிகளின் அடியிலும் இவற்றைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் எஞ்சினின் ஆற்றல் கூடியபோது, அச்சின் எதிர்ச்சுழற்சியால் வில் நெளிந்து, மீண்டும் நிமிர்ந்தது. சக்கரம் தரையில் பதியாமல் துள்ளியது.

1964-ஆம் ஆண்டு மாடல்களான செவல், பான்டியாக் ஜி.டி.ஓ. ஆகிய கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் வேறு வழியைக் கையாண்டது. எடையைத் தாங்கச் சுருள்வில். அச்சைப் பிடிக்க நான்கு இரும்புக் கரங்கள். இவற்றைக் கன்ட்ரோல் ஆர்ம் என்பர். கீழ்க் கரங்கள் இரண்டும் ஏறக்குறைய நேராக முன்நோக்கிச் செல்லும். மேற்கரங்கள் இரண்டும் சாய்வாக அமைந்து, அச்சு பக்கவாட்டில் விலகாமல் தடுக்கும். கார் சீறிக் கிளம்பும்போது கீழ்க் கரங்கள் அழுத்தப்படுகின்றன, மேற்கரங்கள் இழுக்கப்படுகின்றன. ஃபோர்டு நிறுவனமும் இத்தகைய அமைப்பை 1979 முதல் 2004 வரை மஸ்டாங் கார்களில் பயன்படுத்தியது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கரத்தின் முனையிலுள்ள புஷ், கதவுக் கீல் போல ஒரே அச்சில் திரும்புவதற்கென அமைந்தது. வளைவில் காரின் உடல் சாய்கிறது. அச்சோ சாலையோடு ஒட்டி நிற்கிறது. அப்போது கரங்கள் முறுக வேண்டியிருக்கிறது. இதற்கு இடங்கொடுப்பது எது? புஷ்ஷிலுள்ள மென்மையான ரப்பரும், ஒரு பக்கம் திறந்த தகட்டு வடிவிலான கீழ்க் கரமும்தான். நீங்கள் முதலில் செய்த ஒட்டாத குழல் அதுவே!

1987-ஆம் ஆண்டு மஸ்டாங்கின் 5 லிட்டர் எஞ்சின் 225 குதிரைத் திறனும், ஏறக்குறைய 400 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. முதல் கியரும் பின் அச்சுப் பல்சக்கரங்களும் சேர்ந்து அதனை 9 முதல் 10 மடங்கு வரை பெருக்கின. ஒரு மீட்டர் நீள நெம்புகோலின் முனையில் ஏறக்குறைய 400 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு இது சமம். ரப்பர் நசுங்கியது, சக்கரம் மீண்டும் துள்ளியது. 1980-களின் நடுவிலேயே ஃபோர்டு நிறுவனம் அச்சுக்கும் உடலுக்கும் இடையே படுக்கைவாட்டில் இரண்டு அதிர்வுத்தாங்கிகளைக் கூடுதலாகப் பொருத்தியிருந்தது.

கார் உரிமையாளர்கள் வேறு மருந்தைத் தேடினர். நான்கு பக்கமும் மூடிய பெட்டி வடிவக் கரங்களும், குழாய்க் கரங்களும், கெட்டியான பாலியூரிதேன் புஷ்களும் கடைகளில் கிடைத்தன. எட்டு முனைகளிலும் கெட்டிப் புஷ்களைப் பொருத்தியவர்களின் கார், நேர்ச்சாலையில் துள்ளாமல் பாய்ந்தது. வளைவிலோ கதை மாறியது. முறுக வேண்டிய இடத்தில் எதுவும் முறுகவில்லை. பின்பகுதி இறுகிப் பிடித்துக்கொண்டது. வெளிப்பக்கப் பின் டயரின் மீது திடீரெனச் சுமை ஏறி, அது பிடியை இழக்க, காரின் வால் சுழன்று வீசியது. மழைநாளில் இதன் விளைவு என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் எவ்வாறு தேர்ந்தெடுப்பது? கீழ்க் கரம் மூடிய வடிவில் இருக்கலாம். ஆனால் அதன் ஒரு முனையிலேனும் எத்திசையிலும் திரும்பும் பந்துமூட்டு இருக்க வேண்டும். நம் தோள்மூட்டைப் போன்ற இம்மூட்டு, தள்ளுவிசையை உறுதியாகத் தாங்கும், முறுக்கத்தைத் தடுக்காது. மேற்கரத்தில், குறிப்பாக அச்சுப் பக்கத்து முனையில், ரப்பரை விட்டுவைப்பது சாலைப் பயணத்துக்கு நல்லது. எல்லா முனைகளிலும் எஃகு மூட்டு வைத்தால் இறுக்கம் நீங்கும். ஆனால் இரைச்சல் கேட்கும், தூசியால் விரைவில் தேயும். அது பந்தயத் திடலுக்கு ஏற்றது. நீளத்தை மாற்றத்தக்க கரம் வாங்கினால், அச்சின் கோணமும் அதனோடு மாறும் என்பதை மறவாதீர்கள். கோணம் தவறினால் ஓட்டுத்தண்டு அதிரத் தொடங்கும்.

2005-ஆம் ஆண்டு மஸ்டாங்கில் ஃபோர்டு பொறியாளர்கள் நடுவில் ஒரே ஒரு மேற்கரத்தை வைத்தனர். பக்கவாட்டு விலகலைத் தடுக்கத் தனியே ஒரு குறுக்குத்தண்டு அமைத்தனர். 2015-இல் அச்சையே பிரித்து, இரு பின் சக்கரங்களும் தனித்தனியே ஆடச் செய்தனர்.

ஆகவே, ஓர் இயந்திரத்தில் மென்மையான உறுப்பைக் கண்டதும் அதனைக் குறை என்று எண்ணி மாற்ற முற்படாதீர்கள். அது எதற்கு இடங்கொடுக்கிறது என்று முதலில் கேளுங்கள். ஒட்டாத குழலுக்கும் ஒரு வேலை உண்டு.