நன்னி கேட்ட கேள்வி: முஹர்ரமும் பஞ்சாவும்

ஒவ்வொரு வருடமும் முஹர்ரம் பிறந்ததும் எங்கள் பகுதிப் பள்ளிவாசலில் ஜும்ஆ பயான் ஒரே தலைப்பில்தான் இருக்கும்: "முஹர்ரம் மாத அனாச்சாரங்கள்". பஞ்சா எடுப்பது, தீ மிதிப்பது, மாரடிப்பது, புலி வேஷம் போடுவது, புதுமணத் தம்பதிகளைப் பத்து நாள் பிரித்து வைப்பது, மீன் சாப்பிடாமல் இருப்பது.... இவை எல்லாம் மார்க்கத்தில் இல்லாதவை, பித்அத், சிலது ஷிர்க் வரைக்கும் போகும் என்று ஹஜ்ரத் வரிசையாகச் சொல்வார். ஒலிபெருக்கி வழியாக வீட்டிலிருக்கும் பெண்களும் கேட்பார்கள்.

இரண்டு வருடம் முன்பு அப்படி ஒரு பயான் முடிந்து வீட்டுக்கு வந்தேன். நன்னி (அம்மாவின் அம்மா) என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார்கள்: "ஏந்தம்பி, அப்போ எங்கம்மா செஞ்சதெல்லாம் பாவமா?"

நன்னிக்கு எண்பது வயதுக்கு மேல். செஞ்சிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பிறந்து, கல்யாணமாகி புதுச்சேரி முல்லா வீதிக்கு வந்தவர்கள். அவர்களுக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லையாம். மூன்றாவதாவது நிலைக்க வேண்டும் என்று அவர்களின் அம்மா பஞ்சாவுக்கு நேர்ந்துகொண்டு, சின்ன வயதில் முஹர்ரம் பத்து நாளும் நன்னிக்குப் பச்சைத் துணி கட்டி "பக்கீர்" ஆக்கினார்களாம். அந்த அம்மாவைப் பற்றித்தான் கேள்வி.

நான் படிப்பது பி.காம். வரலாறு என் பாடம் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டும் என்று படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கர்பலாவுக்கு முன்பே புனித மாதம்

நம்மில் பலர் (முஸ்லிம்களையும் சேர்த்துத்தான்) கர்பலா நடந்ததால்தான் முஹர்ரம் புனித மாதம் என்று நினைக்கிறோம். அது சரியில்லை. வருடத்தின் பன்னிரண்டு மாதங்களில் நான்கு புனிதமானவை என்று குர்ஆன் ஒன்பதாவது அத்தியாயம் சொல்கிறது. துல்கஅதா, துல்ஹஜ், முஹர்ரம், ரஜப் என்பவைதான் அந்த நான்கு. அரபிகள் போர் செய்யாமல் விலகியிருந்த மாதங்கள் இவை.

நபிகள் நாயகம் (ஸல்) மதீனாவுக்கு வந்தபோது, யூதர்கள் ஒரு நோன்பு வைப்பதைக் கண்டார்கள். மூஸா நபி ஃபிர்அவ்னிடமிருந்து காப்பாற்றப்பட்ட நாள் என்றார்கள். அதிலிருந்து வந்ததுதான் பத்தாம் நாளின் ஆஷூரா நோன்பு. ஒன்பதாம் நாளும் சேர்த்து நோற்க நபிகள் எண்ணியிருந்தார்கள். ஆக, சுன்னி முஸ்லிம்களைப் பொறுத்தவரை இந்த மாதத்துக்கென்று மார்க்கம் சொன்னது இந்த நோன்புதான்.

நபிகள் மறைந்தது 632இல். கர்பலா நடந்தது அதற்கு 48 வருடம் கழித்து. ஹிஜ்ரி 61 முஹர்ரம் 10, அதாவது 680 அக்டோபர் 10. நபிகளின் பேரர் ஹுசைன் (ரலி) அவர்களும், அவர்களுடன் இருந்த சுமார் 72 பேரும், யஸீதின் படையால் கொல்லப்பட்டார்கள். அதற்கு முன் யூப்ரடீஸ் ஆற்றுத் தண்ணீர்கூட அவர்களுக்கு மறுக்கப்பட்டது. நன்னி மீன் சாப்பிடாததற்குச் சொன்ன காரணம் இதுதான்: "அந்தப் புள்ளைங்களுக்குத் தண்ணி கொடுக்கல. தண்ணியில வாழ்றத அந்தப் பத்து நாள்ல எப்படித் திங்கிறது?"

தடை சொன்னவர்களும் பல வகை

துக்கம் உடனே இருந்தது. ஆனால் அரசாங்கமே முன்னின்று தெருவில் துக்க ஊர்வலம் நடத்தியது 963இல்தான். பாக்தாதை ஆண்ட புவைஹி வம்சத்து முயிஸ்ஸுத்தவ்லா, பத்தாம் நாள் கடைகளை மூடச் சொல்லி, மக்களைத் துக்க உடையில் வெளியே வரச் செய்தார். ஷியாக்களுக்கு இது அனாச்சாரம் இல்லை, வழிபாட்டின் உயிர்நாடி. எனவே "முஸ்லிம்கள் இப்படிச் செய்யக் கூடாது" என்று பொதுவாகச் சொல்லும்போது எந்த முஸ்லிம், யார் சொன்னது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு விஷயம் கவனியுங்கள். 1328இல் இறந்த டமாஸ்கஸ் அறிஞர் இப்னு தைமிய்யா, ஆஷூரா நாளில் துக்கம் கொண்டாடுவதை மட்டும் மறுக்கவில்லை. அதே நாளில் சுர்மா இடுவது, விசேஷமாகக் குளிப்பது, விசேஷப் பலகாரம் சமைப்பது என்று அதை ஒரு நல்ல நாளாக ஆக்கியவர்களையும் மறுத்தார். அழுவதும் புதுமை, கொண்டாடுவதும் புதுமை என்பது அவர் வாதம். ஷியாக்களுக்குள்ளும் எல்லாம் அனுமதி இல்லை. கத்தியால் தலையைக் கீறிக்கொள்ளும் வழக்கத்தை, அப்போது ஈரானின் உயர் தலைவராக இருந்த அலீ காமனெயி 1994இல் கூடாது என்று தீர்ப்பளித்தார். ஆக "அனுமதி இல்லாதது" என்ற பட்டியல் எல்லோரிடமும் உண்டு. பட்டியல்தான் வேறு வேறு.

நம் பக்கம் எப்படி வந்தது?

தமிழ்க் கடற்கரை முஸ்லிம்கள் பலர் அரபு வணிகத் தொடர்பால் ஷாஃபி வழியைப் பின்பற்றுபவர்கள். பஞ்சாவின் வேர் அங்கே இல்லை, தக்காணத்தில் இருக்கிறது. கோல்கொண்டா குதுப்ஷாஹிகள் ஷியாக்கள். ஹைதராபாத்தில் முஹம்மது குலி குதுப்ஷா 1590களில் கட்டிய பாத்ஷாஹி ஆஷூர்கானா இன்றும் இருக்கிறது. பிஜப்பூரின் ஆதில்ஷாஹி சுல்தான்களில் சிலர் ஷியா, சிலர் சுன்னி. அங்கெல்லாம் ஊர்வலமாக எடுத்துச் செல்லும் உலோகச் சின்னத்துக்கு "அலம்" என்று பெயர். அதில் விரித்த கை வடிவம்தான் பஞ்சா (ஐந்து விரல்). நபிகள், அலீ, ஃபாத்திமா, ஹசன், ஹுசைன் என்ற ஐந்து பேரைக் குறிப்பது.

1649இல் பிஜப்பூர் படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. வாலிகண்டபுரத்தில் இருந்த பிஜப்பூரின் பிரதிநிதி ஷேர் கான் லோடியின் தயவில்தான் பிரெஞ்சுக்காரர்களுக்குப் புதுச்சேரி கிடைத்தது. பிரான்சுவா மர்த்தேன் இங்கே வந்து அமர்ந்தது 1674இல். 1698இல் செஞ்சி முகலாயர் கைக்குப் போனது, பிறகு ஆற்காடு நவாப்புகள் காலம். இந்தப் படைகளோடும், குதிரைக்காரர்களோடும், பக்கீர்களோடும்தான் தக்காண முஹர்ரம் நம் கிராமங்களுக்குள் வந்தது.

வந்த இடத்தில் சும்மா இருக்கவில்லை. செஞ்சி, விழுப்புரம் வட்டாரத்தில் தீமிதி என்றால் திரௌபதி அம்மன் கோயில்தான் நினைவுக்கு வரும். அந்தக் கோயில்கள் பலவற்றில் காவல் தெய்வமாக இருப்பவர் பெயர் முத்தால ராவுத்தர்! ஒரு முஸ்லிம் வீரர், அம்மனுக்குக் காவல். தக்காண முஹர்ரமிலும் "அலாவா" என்ற நெருப்புக் குழி உண்டு. இரண்டு நெருப்பும் ஒரே ஊரில் சந்தித்தால் யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று பிரிப்பது கஷ்டம்.

தஞ்சாவூர் அருகே காசவளநாடு புதூரில் இன்றும் இந்துக்கள் முஹர்ரத்தைத் தங்கள் ஊர்த் திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். கை வடிவச் சின்னத்தை "அல்லா சாமி" என்று வீதி உலா எடுத்து, பானகம் வைத்து, தீ மிதிக்கிறார்கள். சிவகங்கை மாவட்டம் முதுவன்திடலிலும் முஹர்ரத்தன்று இந்துக்கள் பூக்குழி இறங்குவது வழக்கம். ஹஜ்ரத் பட்டியலில் உள்ளவற்றை முஸ்லிம்கள் விட்டுவிட்டார்கள், இந்துக்கள் வைத்திருக்கிறார்கள் என்பது விசித்திரம்தான்.

கணக்கை எழுதியவர்கள் யார்?

எங்கள் பாடத்தில் ஒன்று சொல்லித் தருவார்கள்: ஒரு தரப்பின் பேரேட்டை மட்டும் வைத்து தணிக்கையை முடிக்கக் கூடாது. முஹர்ரம் விஷயத்தில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் வேடிக்கை பார்த்தவர், கண்டித்தவர், அடக்கியவர் எழுதிய பேரேடுகள்தான்.

வேடிக்கை பார்த்தவர்களில் நம் பிரெஞ்சுத் தொடர்பும் உண்டு. கார்சென் தெ தாஸி என்ற பாரிஸ் அறிஞர் 1831இல் இந்திய முஸ்லிம்களின் பண்டிகைகள் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். மனிதர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை! மறு வருடம் 1832இல் லண்டனில் "கானூனே இஸ்லாம்" வெளிவந்தது. எழுதியவர் ஜாஃபர் ஷரீஃப் என்ற தக்காண முஸ்லிம், ஆங்கிலத்தில் பெயர்த்தவர் மதராஸ் அரசின் மருத்துவர் ஹெர்க்லாட்ஸ். பக்கீர் ஆக நேர்ந்துகொள்வது, புலி வேஷம், அலாவா எல்லாம் அதில் இருக்கின்றன. நன்னியின் பச்சைத் துணியை நான் முதன்முதலாக ஒரு புத்தகத்தில் பார்த்தது அங்கேதான். 1886இல் வந்த புகழ்பெற்ற ஆங்கிலோ இந்திய அகராதியின் பெயர் "ஹாப்ஸன் ஜாப்ஸன்". "யா ஹசன், யா ஹுசைன்" என்ற மாரடிக் குரல் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் வாயில் அப்படி ஆனது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

அடக்கியவர்களுக்கு ஒரு உதாரணம் டிரினிடாட். ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போன இந்தியர்கள் முஹர்ரத்தை "ஹோசே" என்று கொண்டாடினார்கள். இந்துக்களும் பெருமளவில் கலந்துகொண்டார்கள். ஊர்வலங்கள் நகரத்துக்குள் நுழையக் கூடாது என்று 1884இல் பிரிட்டிஷ் அரசு சட்டம் போட்டது. அதே வருடம் அக்டோபர் 30ஆம் தேதி சான் பெர்னாண்டோவில் ஊர்வலத்தின் மேல் சுட்டார்கள். குறைந்தது 16 பேர் இறந்தார்கள். அரசுக்கு அது மார்க்கப் பிரச்சினை இல்லை. கூலிகள் கூட்டமாகச் சேர்கிறார்கள் என்ற பயம்.

கண்டித்தவர்களின் நோக்கம் வேறு. வட இந்தியாவில் 1831இல் பாலாகோட்டில் இறந்த சையித் அஹ்மதும் அவர் குழுவினரும் தாஸியாவை எதிர்த்தார்கள். தமிழில் "தாருல் இஸ்லாம்" இதழ் நடத்திய பா. தாவூத்ஷா (1885-1969) சமுதாயத்தின் மூடப் பழக்கங்களைக் கடுமையாக எழுதினார். இவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேர்த்திக்கடன் என்ற பெயரில் ஏழைகளிடம் காசு பறித்தவர்களும், குழந்தைகளை நெருப்பில் நடக்க வைத்தவர்களும் இருந்தார்கள். தமிழிலேயே மார்க்கத்தைப் படிக்க முடிந்தது இவர்களைப் போன்றவர்களால்தான்.

நம் புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு 1819 ஜனவரி 6ஆம் தேதி போட்ட உத்தரவு ஒன்று உண்டு. கிறிஸ்தவர், "மூர்" (முஸ்லிம்களை அப்படித்தான் அழைத்தார்கள்), இந்து யாராக இருந்தாலும் அவரவர் சட்டம், வழக்கம், பழக்கப்படி தீர்ப்பு என்றது. சட்டத்தையும் வழக்கத்தையும் அரசு ஒரே வரியில் போட்டுவிட்டது. சீர்திருத்தக்காரர்கள் செய்தது அவை இரண்டையும் பிரித்தது. எது மார்க்கம், எது ஊர் வழக்கம் என்று பிரிப்பது நியாயமான வேலைதான். ஆனால் பிரித்த பிறகு ஊர் வழக்கத்தின் பக்கத்தைக் கிழித்துப் போட வேண்டியதில்லை. தள்ளுபடி செய்த கணக்குக்கும் பேரேட்டில் ஒரு பதிவு இருக்கும் அல்லவா?

நன்னிக்குச் சொன்ன பதில்

இத்தனையும் படித்த பிறகு, பயான் செய்த ஹஜ்ரத்திடமே தனியாகப் போய்க் கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "செயலைத்தான் நான் தப்புன்னு சொல்றேன் தம்பி. எடுத்துச் சொல்ல ஆளில்லாம போய்ச் சேர்ந்தவங்களப் பத்தி தீர்ப்பு சொல்ற அதிகாரம் எனக்கில்ல. அவங்களுக்காக துஆ செய்யச் சொல்லுங்க" என்றார்.

நன்னியிடம் அதைச் சொன்னேன். கூடவே பாக்தாத், பிஜப்பூர், செஞ்சி என்று நான் படித்ததையும் சொன்னேன். உங்கள் அம்மா தானாகக் கண்டுபிடித்த பாவம் இல்லை இது, பல நூறு வருடம் பல ஊர் கடந்து அவர்கள் வாசலுக்கு வந்த வழக்கம் என்றேன். பிள்ளை பிழைக்க வேண்டும் என்று, தண்ணீர் கிடைக்காமல் இறந்தவர்களின் பெயரைச் சொல்லி ஒரு தாய் நேர்ந்துகொண்டார். அன்று அந்த ஊரில் வேறு வழி சொல்ல ஆஸ்பத்திரியும் இல்லை, மதரஸாவும் இல்லை. இது சரி என்று நான் சொல்லவில்லை. இதுதான் நடந்தது என்று சொல்கிறேன்.

நன்னி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு "எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது" என்று மட்டும் சொன்னார்கள்.

இந்த வருடமும் முஹர்ரம் ஒன்பதும் பத்தும் நன்னியும் நானும் நோன்பு வைத்தோம். பத்தாம் நாள் நோன்பு திறந்ததும் அம்மா மீன் குழம்பு ஊற்றினார்கள். நன்னி மட்டும் ரசம் போதும் என்றார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.