கார் நிக்கோபாரின் காகிதச் சான்றுகள்

ஒரு குடும்பத்தின் பூர்விகத்தை ஆராயப் புகும் நாம் முதற்கண் தேடுவது பெயர்களையே. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது தமிழர் வழக்கம். அப்பெயரைப் பற்றிக்கொண்டு சில தலைமுறைகளேனும் பின்னோக்கிச் செல்லலாம். நிக்கோபார்த் தீவுகளில் இவ்வழி அடைபட்டிருந்தது. இறந்தவர் பெயரை உச்சரித்தல் ஆகாதென்பது அங்கே பழைய விதி. டேனிஷ் மரபினரான ரோயப்ஸ்டார்ஃப் என்னும் அதிகாரி, நான்கௌரி மொழிக்குத் தொகுத்த அகராதியில் இவ்விதியைக் குறித்து, இது வரலாறு உருவாவதையே தடுப்பது என வியந்தார். அந்நூல் அவர் மறைந்தபின் 1884-ல் வெளிவந்தது. மாண்டவரின் கையுடைமைகளை உடைத்துப் புதைகுழியின்மேல் இடும் வழக்கமும் இருந்தமையால், முன்னோர் பொருள் பின்னோர் கைக்கு வருவதும் அரிதாயிற்று.

எனினும், எழுத்தறியாத அம்மக்களிடம் ஒரு விந்தையான பொருள் இருந்தது. 1858-ல் ஆஸ்திரியாவின் நோவாரா என்னும் ஆராய்ச்சிக் கப்பல் கார் நிக்கோபாரை அடைந்தபோது, தீவினர் ஆங்கிலத்தில் எழுதிய நற்சான்றுச் சீட்டுகளைக் கொணர்ந்து காட்டினர். தேங்காய் வாங்க வந்த கப்பல் தலைவர்கள் அளித்தவை அவை. அயலார் பெயர்களையும் அவர்கள் ஏற்றிருந்தனர். நெல்சன் பிரபு என்ற பெயர் பூண்டவரும் உண்டு!

ஒரு குடும்பத்தில் அத்தகைய சீட்டொன்று தப்பி வந்திருப்பின், அதை எங்ஙனம் பயன்கொள்வது? அதிலுள்ள ஆண்டையும் கப்பலின் பெயரையும் துறைமுகப் பதிவுகளோடு ஒப்பிடலாம். ஆனால் சீட்டு கைமாறியிருக்கலாம். அதிலுள்ள பெயரே குடும்ப முதல்வனின் பெயர் எனத் துணிதல் தவறு. மேலும், அது வணிகம் பேசிய ஆடவனை மட்டுமே காட்டும். தாய்மாரைப் பற்றி ஒன்றும் கூறாது.

அக்குறையை நிரப்புவது 'துஹெத்' என்னும் கூட்டுக்குடும்பம். நிலமும் தென்னந்தோப்பும் அதற்கே பொதுவுடைமை. இத்தோப்பு யாருடையது, யார் வழியில் வந்தது என்று வினவினால், பெயர் சொல்லாமலே உறவுமுறை வெளிப்படும்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கரையோர ஊர்களை அழித்தது. முதியோர் பலர் மாண்டனர். எல்லை காட்டிய தோப்புகளும் மறைந்தன. ஆதலால், எஞ்சிய காகிதத்தைப் பேணுவதினும், எஞ்சிய முதியோரிடம் கேட்டறிவதே நாம் முதலில் செய்யத்தக்க பணியாகும்.