நாடி நின்ற பிறகு

யாழ்ப்பாணத்து வீடொன்றில் நெஞ்சைப் பிடித்தபடி ஒருவர் முற்றத்தில் சரிந்தால், முதலில் ஓடிவருவது தண்ணீர்ச் செம்புதான். ஒருவர் முகத்தில் தெளிப்பார், இன்னொருவர் விசிறுவார். விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துப் பார்ப்பார். "சீவன் போட்டுது" என்று அவர் கையை எடுத்துவிட்டால் அவ்வளவுதான், ஒப்பாரி தொடங்கிவிடும்.

நாடி பார்ப்பதில் நம் பரியாரிமார் விண்ணர்கள். வாதமும் பித்தமும் கபமும் அந்த மூன்று விரலில் பேசும். நின்றுபோன நாடியை என்ன செய்வது என்பதற்குத்தான் விடை இருக்கவில்லை. அவர்களிடம் மட்டுமல்ல, உலகில் எவரிடமும் சரியான விடை இருக்கவில்லை. நீரில் மூழ்கியவர்களைக் காப்பாற்றவென்று 1767இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சங்கமே அமைத்தார்கள். துருத்தியால் காற்று ஊதியும் பார்த்தார்கள், ஆசனவாய் வழியாகப் புகையிலைப் புகையைச் செலுத்தியும் பார்த்தார்கள். புகையிலைக்குப் பேர்போன யாழ்ப்பாணத்தார் கேள்விப்பட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். அவருக்கு முன்பே, 1820இல், ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வைத்தியம் தொடங்கியிருந்தார். கிறீனின் சிறப்பு வேறு. மானிப்பாயில் நோயாளரைப் பார்த்ததோடு உள்ளூர் இளைஞருக்கு மேனாட்டு வைத்தியமும் கற்பித்தார். கொழும்பில் மருத்துவப் பள்ளி திறந்தது 1870இல். மானிப்பாய் அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டு முந்தியது.

முதலில் அவர் கற்பித்தது ஆங்கிலத்தில். ஆனால் ஆங்கிலம் படித்தவர்களை அரசாங்க உத்தியோகம் இழுத்துக்கொண்டது. ஊருக்கு வைத்தியர் மிஞ்சவில்லை. விடுமுறைக்குச் சென்று 1862இல் திரும்பிவந்த கிறீன், 1864 முதல் தமிழிலேயே வகுப்பெடுத்தார். அதற்குப் புத்தகம் வேண்டுமே! மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார். 1867இல் 'இரணவைத்தியம்' வந்தது. லண்டனில் 1858இல் வெளியான கிரேயின் உடற்கூற்று நூல், பதினான்கே ஆண்டுகளில் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழ் பேசியது. 1875இல் இரசாயனவியல் நூலான 'கெமிஸ்தம்'. வழக்கிலுள்ள தமிழ்ச் சொல் கிடைத்தால் அதை எடுப்பார், இல்லாவிட்டால் வடமொழி, அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லுக்கே தமிழ்ச் சட்டை. கெமிஸ்தம் அந்த மூன்றாவது வகை. உடலியங்கியலுக்கு அவர் வைத்த 'சுகரணம்' என்ற பெயர் இன்று வழக்கொழிந்துவிட்டது. நல்ல சொல், போயிருக்க வேண்டியதில்லை.

1873இல் அமெரிக்கா திரும்பியவர், அங்கே வூஸ்டரில் இருந்தபடியும் தமிழ் நூல் வேலையை விடவில்லை. 1884இல் இறந்தார். தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்பது அவர் கல்லறையில் உள்ள செய்தி.

அவருடைய மாணவர்கள் இருதயத்தின் அறைகளைத் தமிழில் சொல்லக் கற்றவர்கள். அது நின்றால் என்ன செய்வதென்று சொல்லித்தர அன்று எந்த மொழியிலும் பாடம் இல்லை. கிறீன் இறந்த சில ஆண்டுகளில் நிஜாமின் பணத்தில் ஐதராபாத்தில் பெரிய ஆராய்ச்சி ஒன்று நடந்தது. குளோரோபோம் மயக்கத்தில் சாகிறவர்களுக்கு முதலில் நிற்பது மூச்சா, இருதயமா என்பது கேள்வி. 1888, 1889 என இரண்டு ஆணைக்குழுக்கள், நூற்றுக்கணக்கான விலங்குகள். மூச்சுத்தான் என்று அந்த ஆராய்ச்சியை முன்னின்று நடத்திய எட்வர்ட் லோறி அடித்துச் சொன்னார். அது தவறு. குளோரோபோம் இருதயத்தை நேரடியாகவே தாறுமாறாகத் துடிக்கவைத்து நிறுத்தும் என்பதை 1911இல் லெவி என்ற ஆய்வாளர் காட்டினார்.

நின்ற இருதயத்தை என்ன செய்வது என்பதற்கு விடை வந்தது எதிர்பாராத பக்கத்திலிருந்து. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கௌவன்ஹோவன் என்ற மின்பொறியியலாளர், நாய்களின் இருதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். மின்தகட்டை நெஞ்சில் அழுத்தும்போதே, மின்சாரம் பாயுமுன், இரத்த அழுத்தம் ஏறுவதை அவருடன் இருந்த நிக்கர்பொக்கர் என்ற இளைஞர் கவனித்தார். அந்த அழுத்தமே போதுமோ? 1960இல் அவர்கள் ஜூட் என்ற சத்திரசிகிச்சை நிபுணருடன் வெளியிட்ட கட்டுரையில் 20 நோயாளர். 14 பேர் பிழைத்திருந்தார்கள். நெஞ்சைப் பிளக்க வேண்டாம், கருவி வேண்டாம், இரண்டு கை போதும் என்பதே அதன் சாரம். அப்போது கௌவன்ஹோவனுக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

இது வைத்தியருக்கான கண்டுபிடிப்பு என்பதைவிடப் பக்கத்தில் நிற்பவருக்கானது என்பதே பொருத்தம். நெஞ்சை அமுக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 வீதம்வரை தின்றுவிடுகிறது. 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவை 2018 யூலையில் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. ஆனால் எந்த அம்புலன்சும் அடுத்த வீட்டுக்காரரை முந்தி வராது. அந்த அடுத்த வீட்டுக்காரர் தமிழில்தான் யோசிப்பார். ஊருக்குத் தேவையான வைத்தியத்தை ஊர்மொழியில் கொடுக்க வேண்டும் என்ற கிறீனின் 1864ஆம் ஆண்டு முடிவு, இந்த ஒரு விஷயத்தில் மறுக்கவே முடியாதது.

ஆகவே வாசகரே, தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, சீரான மூச்சும் இல்லை என்றால் செம்பைத் தேடவேண்டாம். 1990க்கு அழைத்து, தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். ஆளைக் கட்டாந்தரையில் மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மற்றக் கையை அதன்மேல் கோத்து, முழங்கை மடங்காமல் இரண்டு அங்குலம் பதிய அமுக்குங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. விலா எலும்பு நெரிபட்டாலும் பயந்து கையை எடுக்காதீர்கள்.