தோட்டம் என்றால் கிணறு

கோவை காந்திபுரம் பேருந்து நிலையத்தில் ஒருவர் "தோட்டத்துக்குப் போறனுங்க" என்றால், பூச்செடிகளைப் பார்க்கப் போகிறார் என்று வெளியூர்க்காரர் நினைக்கக்கூடும். இலங்கை மலையகத்தில் தோட்டம் என்றால் தேயிலை. மலேசியத் தமிழருக்கு ரப்பர். கொங்கு நாட்டில் அந்தச் சொல்லுக்குள் ஒரு கிணறு இருக்கிறது.

இங்கே ஆற்று நீரோ குளத்து நீரோ பாய்ந்தால் வயல். மழையை நம்பிச் சோளமும் கம்பும் விதைத்தால் காடு. அதில் மரம் இருக்க வேண்டியதில்லை. காந்திபுரத்தை ஒட்டிய காட்டூரின் பெயரில் இருப்பதும் இந்தக் காடுதான் என்பது என் கருத்து. அதே காட்டில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டால், அன்று முதல் அது தோட்டம். மண் மாறுவதில்லை, பெயர் மாறுகிறது. வருவாய்க் கணக்கிலும் இதற்குத் 'தோட்டக்கால்' என்று தனிப்பெயர் உண்டு.

கொங்கின் காய்கறி வெள்ளாமை இந்தச் சொல்லோடுதான் வளர்ந்தது. கத்திரியும் தக்காளியும் சின்ன வெங்காயமும் அடுத்த மழை வரை பொறுக்காது. சில நாளுக்கொரு தண்ணீர் வேண்டும். அதைக் கொடுத்தது கவலை என்ற இறைப்பு முறை. இரண்டு எருதுகள் சரிவில் இறங்க, வடத்தில் கட்டிய பறி கிணற்றிலிருந்து மேலேறும். தண்ணீர் வாய்க்காலில் ஓடிப் பாத்தி பாத்தியாக நிறையும். விடியுமுன் பூட்டிய மாடுகள் எத்தனை பாத்தி நனைத்தனவோ, அத்தனைக்குத்தான் காய்.

1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்சாரத்தில் கிணற்று நீரை இறைக்கக் கோவைப் பட்டறைகள் மோட்டாரும் பம்பும் செய்தன. கவலை மெல்ல ஓய்ந்தது; பாத்திகள் பெருகின. தண்ணீர் மின்சாரத்தைச் சார்ந்தபின், மின்கட்டணம் தோட்டத்தின் உயிர்ப் பிரச்சினையானது. 1972இல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர்கள் மாட்டுவண்டிகளோடு கோவைத் தெருக்களை மறித்தது அதனால்தான். கிணற்றைப் பெயரிலேயே வைத்திருக்கும், கோவையை அடுத்த கிணத்துக்கடவு இன்று தக்காளிச் சந்தைக்குப் பேர்போனது.

கிணற்றோரம் குடும்பம் தங்கும் வீடு சாளை. மரத்தையோ மனிதரையோ வைத்து ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு பெயர் இருக்கும். மனைப்பிரிவாக விற்றதும் முதலில் அழிவது அந்தப் பெயர்தான். உங்கள் வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, உங்கள் தோட்டத்தின் பெயரையும் கிணறு வெட்டியவர் பெயரையும் இன்றே எழுதி வையுங்கள்.