நீரும் நஞ்சும் ஆணையும்

சல்லிக் கடலில் வலைவீசுவோருக்கும் உள்நாட்டில் ஏர்பிடிப்போருக்கும் நீர் பொதுவானது. வயலிற் சேரும் நஞ்சு ஆற்றுவழியே கடலையும் அடையும். ஆதலின் வயலின் வரலாறு நமக்கும் உரியதாகும்.

முன்னோர் குளக்கட்டுக்கும் வயலுக்கும் இடையே மரமும் நாணலும் செறிந்த நிலமொன்றை ஒதுக்கினர். சிங்கள உழவர் அதனைக் 'கட்டக்கடுவ' என்பர். கசிந்துவரும் நீரின் உப்பை அது உறிஞ்சியது. வயல் பெருக, அந்நிலம் அருகியது. 1962இல் பசளை மானியம் வந்தது. புதிய நெல்லினங்கள் விளைச்சலைப் பெருக்கின. இரசாயனப் பழக்கத்தை உழவனுக்கு ஊட்டியது அரசே.

1990களில், நம் மாவட்டத்தை அடுத்த பதவியா முதலிய இடங்களில், காரணம் தெளியாத சிறுநீரக நோய் உழவரைப் பற்றியது. வேளாண் நஞ்சு, கடினநீர், புளோரைட்டு எனப் பலவற்றை ஆய்வாளர் ஐயுறுகின்றனர். சவ்வினூடே நீரை வடிக்கும் நிலையங்கள் எழுந்தன, அவை பயன்தருவனவே. ஆயினும் நன்னீர் ஒருபுறம் வர, உப்புச் செறிந்த கழிவுநீர் மறுபுறம் வெளியேறுகிறது.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே ஆணையால் தடுக்கப்பட்டது. அந்நியச் செலாவணி வற்றியிருந்த காலம் அது. போதிய கூட்டெரு இல்லை, ஆயத்தமும் இல்லை. உழவர் வீதிக்கு வந்தனர். நவம்பரில் தடை நீங்கியது. அப்பெரும்போக விளைச்சலோ வீழ்ந்தது.

இயற்கை உழவு தோற்றதா? இல்லை என்பதே நம் துணிபு. சீமைக்கிளுவைத் தழை மண்ணுக்குத் தழைச்சத்தைத் தரும். வேப்பங்கொட்டைச் சாறு புழு தோலுரித்து வளர்வதைத் தடுக்கும். இவற்றுக்குக் காலமும் உழைப்பும் வேண்டும். அறுபதாண்டுப் பழக்கத்தை மாற்றும் செலவை ஏழை உழவன் தலையிற் சுமத்தியதே பிழை. அவனைக் கேளாது எழுதப்படும் ஆணை, எத்துணைப் பசுமையாயினும், விளையாது.