முத்துக்குளித்துறையிலிருந்து யமகுச்சிக்கு

கொடைக்கானலுக்கு ஏறும் வழியில், ஊருக்குச் சற்று முன்பாகவே வருகிறது செண்பகனூர். 1895-இல் இயேசு சபையினர் இங்கே தொடங்கிய திரு இருதயக் கல்லூரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அருங்காட்சியகத்தையும் ஆர்க்கிட் செடிகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மதுரை மிஷனின் பழைய கடிதங்களைக் காத்துவரும் ஆவணக் காப்பகமும் இந்தச் செண்பகனூரில்தான் இருக்கிறது. அந்தச் சபையிலிருந்து தமிழ் மண்ணில் முதலில் கால் வைத்தவர் பிரான்சிஸ் சவேரியார். மணப்பாட்டிலும் கோட்டாற்றிலும் அவரைப் புனிதராக அறிவோம். அவர் ஒரு தூதரும்கூட. போர்ச்சுகல் மன்னர் மூன்றாம் ஜானின் வேண்டுகோளின்படி கிழக்கே வந்தபோது, போப்பாண்டவரின் தூதர் என்ற நியமனமும் அவர் கையில் இருந்தது. அந்தத் தூதர் இரண்டு தீவுகளை எப்படி அணுகினார் என்பதுதான் இந்த வாரத்துக் கதை.

1542 அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாருக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டி, பல நாள் உட்கார்ந்து மன்றாட்டுகளைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டார். பிறகு கையில் மணியோடு பரதவர் குப்பங்களில் தெருத்தெருவாக நடந்தார். தமிழை அவர் கடைசிவரை சரளமாகப் பேசியதில்லை. ஆனால் ஓர் ஊரில் பேச வேண்டுமானால் முதலில் அந்த ஊர்க்காரர்களிடம் பாடம் கேட்க வேண்டும் என்பதை இந்தக் கடற்கரை அவருக்குக் கற்றுக்கொடுத்தது.

முதல் தீவு, எதிர்க்கரையில் இருந்த இலங்கை. 1544-இன் இறுதியில் மன்னாரில் புதிதாகக் கிறிஸ்தவம் தழுவியவர்களை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்லச் செய்தான். இறந்தவர்கள் அறுநூறு பேர் என்பது மரபுக் கணக்கு. சவேரியார் கொதித்துப்போனார். சங்கிலியின் மீது படையெடுக்க வேண்டும் என்று போர்ச்சுகீசியரை வற்புறுத்தினார். 1545-இல் நாகப்பட்டினத்துக்கே போய்க் காத்திருந்தார். அந்த நேரம் பார்த்து, பர்மாவின் பெகுவிலிருந்து சரக்கேற்றி வந்த போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டி நின்றது. சரக்கை மீட்கச் சங்கிலியின் தயவு வேண்டியிருந்ததால் படையெடுப்பு அப்படியே கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டே, கோவாவில் மத விசாரணை மன்றம் வேண்டும் என்று மன்னருக்குக் கடிதம் எழுதியவரும் இதே சவேரியார்தான். அவரைப் பற்றிப் பேசும்போது இதை மறைக்கக்கூடாது.

இரண்டாம் தீவான ஜப்பான் வெகு தொலைவு. 1547 டிசம்பரில் மலாக்காவில் அஞ்சிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்தார். 1549-இல் அவர் ஜப்பானுக்குப் புறப்பட்டபோது வாஸ்கோ ட காமாவின் மகன் பெத்ரோ த சில்வா மலாக்காவின் தலைவர். வழிச்செலவுக்கு முப்பது பாரம் மிளகையும், ஜப்பானிய அரசருக்குக் கொடுக்கப் பரிசுகளையும் அவரே தந்தார். ‘திருடன்’ என்று பட்டப்பெயர் பெற்ற ஒரு சீனரின் கப்பலில் 1549 ஜூன் 24 அன்று புறப்பட்டு, ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் இறங்கினார்கள். அங்கும் முத்துக்குளித்துறை வழிதான்: அஞ்சிரோவின் துணையோடு சமய விளக்கத்தை ஜப்பானிய மொழியில் எழுதி, அதைத் தெருவில் வாசித்தார்.

ஆனால் ஒரு கணக்குத் தப்பியது. ஜப்பான் முழுவதற்கும் ஒரே அரசர் இருப்பார், அவரைப் பார்த்தால் போதும் என்று நம்பி, கடும் குளிரில் நடந்து 1551 ஜனவரியில் கியோட்டோவை அடைந்தார். உள்நாட்டுப் போரில் தலைநகரம் பாழாகிக் கிடந்தது. பேரரசர் கோ-நாராவுக்குப் பட்டம் இருந்தது, அதிகாரம் இல்லை. பழைய அங்கியோடு வாசலில் நின்ற அந்நியரிடம் பரிசு எங்கே என்று கேட்டார்கள். அது வழியில் அவர் விட்டுவந்த ஹிராடோ துறைமுகத்தில் கிடந்தது. பதினோரு நாளில் திரும்பிவிட்டார்.

இங்கேதான் சவேரியாரை எனக்கு மிகவும் பிடிக்கிறது. ஏழ்மையே துறவியின் பெருமை என்று வாழ்ந்தவர், அந்த நாட்டின் மரியாதை வேறு என்று புரிந்ததும் தன்னை மாற்றிக்கொண்டார். ஹிராடோவுக்குப் போய்ப் பட்டாடை உடுத்தி, கோவா ஆளுநரும் ஆயரும் எழுதிய ஓலைகளையும் பரிசுகளையும் எடுத்துக்கொண்டு, யமகுச்சியின் பிரபு ஓவுச்சி யோஷிதாகாவின் முன் நின்றார். மணியடிக்கும் கடிகாரம், இசைக்கருவி, மூக்குக்கண்ணாடி, நிலைக்கண்ணாடி, பளிங்குக் கிண்ணங்கள், துப்பாக்கி என்று பதின்மூன்று பொருட்கள். மகிழ்ந்துபோன யோஷிதாகா பொன்னும் வெள்ளியும் கொடுத்தார். சவேரியார் தொடவில்லை, பேச அனுமதி மட்டும் கேட்டார். அனுமதி கிடைத்தது. தங்குவதற்கு ஆளில்லாத பௌத்த மடம் ஒன்றும் கிடைத்தது.

நட்பு நீடிக்க யோஷிதாகா உயிரோடு இல்லை. அதே ஆண்டு அவருடைய தளபதியின் கலகத்தில் மாண்டார். ஆனால் சவேரியார் அந்த நவம்பரில் ஜப்பானை விட்டுக் கிளம்பியபோது, புங்கோ பிரபு ஓத்தோமோ கோவாவுக்கு அனுப்பிய ஜப்பானியத் தூதர் ஒருவரும் அதே கப்பலில் வந்தார். 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையோரம் ஷாங்சுவான் தீவில் சவேரியார் காலமானார், வயது 46.

பக்கத்துத் தீவுக்குப் படை கேட்டார், ஒன்றும் நடக்கவில்லை. தொலைதூரத் தீவுக்குக் கடிகாரமும் பணிவும் கொண்டுபோனார், கதவு திறந்தது. முப்பது ஆண்டு கழித்து, 1582-இல், நான்கு ஜப்பானியச் சிறுவர்கள் தூதர்களாக நாகசாகியில் கப்பலேறினார்கள். ரோமாபுரி போகும் வழியில் இந்தியாவில் தங்கிய அவர்களின் கதை அடுத்த வாரம்.