மலைத் தீபமும் கைத் திரையும்

திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபம், அதன் சமயப் பொருளைச் சற்று ஒதுக்கிவைத்து நோக்கினால், தொலைவில் இருப்போருக்கு ஒரு காட்சியைக் கொண்டுசேர்க்கும் கருவியாகவும் விளங்குகிறது. கார்த்திகை நாளில் விளக்கிடும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழையது. திருஞானசம்பந்தரின் மயிலைப் பதிகம் அதனை ‘விளக்கீடு’ என்று குறிப்பிடுகிறது. ஏனைய ஊர்களில் வாசற்படியிலும் மாடத்திலும் அகலாக எரியும் அவ்விளக்கு இங்கு 2,668 அடி உயர மலையின் உச்சிக்கு ஏறியதும், கோயிலுக்கு வர வாய்க்காத உழவரும் முதியோரும் தத்தம் வரப்பிலோ திண்ணையிலோ நின்று கும்பிடக்கூடியதாயிற்று.

இக்கருவியை இயக்கும் முறை நுட்பமானது. ஐந்தரை அடி உயரக் கொப்பரையும், மூவாயிரத்து ஐந்நூறு கிலோவுக்குக் குறையாத நெய்யும், ஆயிரம் மீட்டர் நீளக் காடாத் துணித் திரியும் மனிதத் தோள்களில் மேலேறுகின்றன. தீபம் ஏற்றும் உரிமை பருவதராஜ குலத்தாருக்கு உரியது. மாலை ஆறு மணியளவில் அர்த்தநாரீசுவரர் ஆடியபடி வெளிவந்து சில நிமிடங்களே காட்சி தர, கொடிமரத்தின் முன் அகண்ட தீபம் ஏற்றப்படுகிறது. கீழே எழும் சுடரையும் வேட்டொலியையும் அடையாளமாகக் கொண்டு உச்சியில் இருப்போர் கொப்பரையில் தீ வைக்கின்றனர். கம்பியும் மின்சாரமும் இல்லாத காலத்திலேயே கோயிலும் மலையுச்சியும் நொடி பிசகாமல் இணைந்து செயற்பட இவ்வேற்பாடு போதுமானதாக இருந்தது. ஆனால் தீபத்தைத் தொலைவிலிருந்து காண வழி இருந்தும் கூட்டம் மலையடிக்கே வந்தது என்பதுதான் இவ்வூர் வரலாற்றில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் விந்தை.

அடுத்து வந்த பெருங்கருவி இரயில். விழுப்புரத்திலிருந்து காட்பாடி செல்லும் இருப்புப்பாதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருவண்ணாமலை வழியாகப் போடப்பட்டது. அதன் வரவை ஊர்கள் எவ்வளவு மெதுவாக அறிந்தன என்பதற்கு, பின்னாளில் ரமண மகரிஷி எனப்பட்ட பதினாறு வயது வேங்கடராமனின் 1896ஆம் ஆண்டுப் பயணமே சான்று. மதுரையில் தமக்குக் கிடைத்த பழைய நிலப்படத்தில் திருவண்ணாமலைக்கு அண்மையிலுள்ள நிலையமாகத் திண்டிவனமே காணப்பட்டதால், அவர் இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா கொடுத்து அவ்வூருக்கே சீட்டு வாங்கினார். விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாறினால் திருவண்ணாமலைக்கே இரயிலில் போகலாம் என்ற செய்தியை அவருக்குச் சொன்னவர் அதே பெட்டியில் இருந்த ஒரு மௌல்வி. கையிருந்த சில்லறை மாம்பழப்பட்டுவரைதான் செல்லுபடியாயிற்று. மேற்கொண்டு நடந்து, கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்து, அவர் செப்டம்பர் முதல் நாள் வந்துசேர்ந்தார். நிலப்படத்துக்கும் நிலத்துக்கும் இடையிலான அந்த இடைவெளி இன்றைய கைப்பேசி வரைபடத்தில் வெகுவாகக் குறைந்துவிட்டது; எனினும் அடிவாரத் தெருக்களில் அதைக் கையில் வைத்துக்கொண்டே, தேநீர்க் கடைக்காரரிடம் வழி கேட்டு உறுதிசெய்துகொள்வோர் குறையவில்லை.

அச்சும் ஒளிப்படமும் ஒன்றையொன்று தொடர்ந்தன. ரமணரைப் பற்றிச் சொல்லும் பால் பிரண்டனின் நூல் 1934இல் இலண்டனில் வெளியானபின், மலையைப் படித்தறிந்த வெளிநாட்டவர் அதனைப் பார்த்தறியவும் புறப்பட்டனர். ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் 1938இல் ரமணரின் ஆசிரமத்துக்கு வந்தார். பெங்களூரைச் சேர்ந்த வெல்லிங் 1946இல் எடுத்த ரமணரின் மார்பளவுப் படம் எண்ணற்ற வீடுகளின் பூசையறைக்குள் நுழைந்தது. உருவம் வீட்டுக்கே வந்தபின் நேரில் காணும் வேட்கை தணிந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடுவது எளிது. அக்கணக்கு இங்கு பொய்த்தது. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன், ரமணர் மறைந்த 1950 ஏப்ரல் 14ஆம் நாள் இரவில் இவ்வூரில்தான் இருந்தார். வானில் ஒளி வாலுடன் மெல்லச் சென்ற ஒரு விண்மீனைக் கண்டு, கடிகாரத்தைப் பார்த்ததாகவும் அப்போது மணி 8.47 என்றும் அவர் பதிவு செய்துள்ளார். உலகறிந்த கேமராக்காரர் அந்நேரத்துக்கு விட்டுச்சென்றது படச்சுருளில் பதிந்த செய்தியன்று, கண்ணால் கண்ட சாட்சியம்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கப்பட்டு, பின்னாளில் மகாதீபம் நேரலையாக, அதாவது நிகழும் அந்த நொடியிலேயே, வீடுகளுக்கு வந்தபோது பழைய எதிர்பார்ப்பு மீண்டும் பேசப்பட்டது. நடந்ததோ வேறு. 1997இல் ரஜினிகாந்த் நடித்த ‘அருணாச்சலம்’ வெளிவந்ததையொட்டிய ஆண்டுகளில் முழுநிலா நாளின் கிரிவலம், அதாவது பதினான்கு கிலோமீட்டர் தொலைவுக்கு மலையைச் சுற்றிவரும் வழிபாடு, மாநிலமெங்கும் பரவிய வழக்கமாயிற்று. திரை கூட்டத்தை வீட்டில் நிறுத்தவில்லை. கூட்டத்துக்கு அழைப்பிதழாகவே அமைந்தது.

கொரோனாத் தொற்று இதற்கு ஒரு கடுஞ்சோதனையாக வந்தது. 2020 மார்ச்சில் பௌர்ணமிக் கிரிவலம் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டுத் தீபத்துக்கு வெளியூரார் வரத் தடை இருந்தது. கைப்பேசித் திரை ஒன்றே கதி என்றாகிவிட்ட அந்த இரண்டாண்டுக்குப் பின், 2022 பங்குனிப் பௌர்ணமியில் தடை நீங்கியதும் இலட்சக்கணக்கானோர் சாலையில் இறங்கினர். திரையில் பார்த்துப் பழகியவர்கள் நேரில் வரத் தயங்குவார்கள் என்ற கணிப்பு அன்றிரவே அடிபட்டுப்போனது.

எனினும் வந்தோரின் கைகள் மாறிவிட்டன என்பதை மறுப்பதற்கில்லை. முன்பு சுடர் தெரிந்த கணத்தில் இரு கைகளும் தலைக்குமேல் குவிந்து ‘அண்ணாமலையாருக்கு அரோகரா’ என்னும் முழக்கம் எழும். இப்போது முழக்கம் அப்படியே இருக்க, ஒரு கை குவிய வழியின்றிக் கைப்பேசியைப் பிடித்திருக்கிறது. திரையில் மலை கரிய முக்கோணமாகவும், தீபம் அரிசி மணியளவுச் செம்புள்ளியாகவும் விழுகின்றன. பெரிதாக்கினால் புள்ளி கலங்கி ஆரஞ்சுக் கறையாகிறது. அப்படத்தைத் திரும்பப் பார்ப்போர் சிலரே. ஆயினும் அதனை எடுக்காமல் இருப்போர் அதனினும் சிலர். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடைசெய்ய ஆணையிட்டது. மலையையும் வானையும் அவ்வாணையால் மூட இயலாது. கருவியைக் குறைசொல்வது இதில் முறையாகாது. ‘அங்கே நானும் இருந்தேன்’ என்று பிறரிடம் காட்டிக்கொள்ளும் ஆவல், கோயில் தரைக் கல்லில் தன் பெயரைப் பொறித்துக்கொண்ட பழைய அடியவரிடமும் இருந்ததே.

மலைமேல் தீபம் பதினொரு நாள் எரிகிறது. பின்பு கொப்பரை கீழிறக்கப்பட்டு, அதில் படிந்த கரியிலிருந்து தீப மை செய்யப்படுகிறது. மார்கழி ஆருத்ரா தரிசனத்தன்று அதனை முதலில் நடராசருக்கு இட்டு, அதன் பின்னரே அடியவர்களுக்கு வழங்குகின்றனர்.